ஒன்பது வாய், முப்பத்தாறு நாற்காலி

ஒன்பது.

இந்த எண்ணை முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். முந்தானை இல்லாதவர்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ், ஏசி பழுது பார்க்கக் கற்றுக்கொடுக்கும் மாலை வகுப்பு அது. பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு, முகம் கழுவி, ஒரு டீயை ஊற்றிக்கொண்டு வந்து உட்காருகிற முப்பத்தாறு பேர். நாலு நாலு பேராக ஒன்பது குழு. ஆளுக்கு ஒரு கணினி. பயிற்சி பாதி முடிந்தபோது வாய்மொழித் தேர்வு வைத்தார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கெட்டுப்போன ஃபிரிட்ஜ் ஒன்றின் முன்னால் நிறுத்தி, "இது ஏன் கூலிங் ஆகல, சொல்லுங்க" என்று கேட்டார்கள். சொல்லத் தெரிந்தவர்கள் ஒன்பது பேர். மற்றவர்கள் ஃபிரிட்ஜைப் பார்த்தார்கள். ஃபிரிட்ஜ் அவர்களைப் பார்த்தது.

இத்தனைக்கும் குழுவாகக் கணினியில் செய்த பாடங்கள் அத்தனையும் சரி. ஒரு குழுகூட எதையும் தவறாகச் செய்யவில்லை. குழுவில் எல்லாம் தெரிந்தவர்கள், தனியாக நிறுத்தினால் ஊமை. ஒன்பது குழு, ஒன்பது பேர். குழுவுக்கு ஒருத்தர். இது தற்செயல் என்று சொல்கிறவர் எந்தக் கூட்டத்திலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்திராதவர்.

குழு என்று பெயர் வைத்தால் குழு ஆகிவிடாது. நாலு நாற்காலியை வட்டமாகப் போட்டால் வட்டம்தான் கிடைக்கும்.

அந்த வட்டத்தைப் போட்டவர் டிப்போ அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. மற்ற எல்லோருக்கும் அவர் டிப்போ அக்காதான், அவரைவிட மூத்தவர்களுக்கும்கூட. பஸ் டிப்போவில் பணிப்பட்டியல் போட்டுக்கொண்டிருந்தவர். எந்த ஓட்டுநருக்கு எந்த வண்டி, எந்தத் தடம், யாருக்கு எப்போது ஓய்வு என்பதை முன்பெல்லாம் மூன்று பேர் சண்டை போட்டுக்கொண்டே தாளில் எழுதி, அழித்து, மறுபடி எழுதுவார்கள். பிறகு ஒரு திட்டமிடும் மென்பொருள் வந்தது. அதனிடம் மூன்று விஷயம் சொன்னால் போதும். இப்போது எது எது எங்கே இருக்கிறது. கடைசியில் என்ன ஆகியிருக்க வேண்டும். இடையில் என்னென்ன செய்யலாம். அதாவது ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் என்ன தேவை, செய்த பின்னால் என்ன மாறும். அவ்வளவுதான். எதை எதற்குப் பிறகு, யாரை வைத்துச் செய்வது என்பதை அதுவே கண்டுபிடித்துக் கொடுக்கும். அதுவும் இருப்பதிலேயே குறுக்கு வழியாக.

ஓட்டுநர்கள் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியும். ஒருத்தரையும் சும்மா உட்கார விடாது. என்ன செய்தாலும் நல்ல வார்த்தை ஒன்று வராது. பெயர் ஒட்டிக்கொண்டது. "இன்னைக்கு மாமியார் என்னை எங்க அனுப்புது?" என்று கேட்டுக்கொண்டேதான் காலையில் டிப்போவுக்குள் நுழைவார்கள். அக்காவின் கணவரும் அங்கே ஓட்டுநர்தான். அவரை மட்டும் விரட்ட வீட்டில் ஒன்று, டிப்போவில் ஒன்று.

தொழிற்பயிற்சி நிலையத்தின் பிரின்சிபால் அம்மாவுக்கு வேறு தலைவலி. மாலை வகுப்புக்கு இன்று வந்தவர் நாளை வரமாட்டார். ஓவர்டைம், பிள்ளைக்குக் காய்ச்சல், முதலாளி விடவில்லை. தினம் புதிதாகக் குழு பிரிக்க வேண்டும், வேலை பிரிக்க வேண்டும். அக்காவைத் தேடி வந்தார்.

"நூறு பஸ்ஸ ஓட வைக்கிறீங்க. எங்க பாடத்த ஓட வைக்க முடியாதா?"

அக்கா வந்துவிட்டார், மாமியாரையும் கூட்டிக்கொண்டு. டிப்போவில் அவர் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று. திரும்பிப் போக இடமில்லை.

டிப்போவில் எழுதிய மாதிரியே இங்கேயும் எழுதினார். 'ஓட்டுதல்' என்று ஒரு செயல்: ஓட்டுநர் வேண்டும், வண்டி வேண்டும், முடிந்ததும் பயணி போய்ச் சேருவார், ஓட்டுநருக்குக் களைப்பு கூடும். இங்கே 'விளக்குதல்' என்று ஒரு செயல்: விஷயம் தெரிந்த ஒருத்தர் வேண்டும், முடிந்ததும் கேட்டவருக்கு விஷயம் தெரியும், சொன்னவருக்குக் களைப்பு கூடும். கேட்டவர் திரையில் 'புரிந்தது' என்று ஒரு பட்டன். நாலு பேரும் அமுக்கினால்தான் அடுத்த பாடம். இலக்கு: முப்பத்தாறு பேருக்கும் எல்லாம் தெரிய வேண்டும்.

மாமியார் கண் மூடித் திறப்பதற்குள் திட்டம் போட்டது. கூடம் நூலகம் மாதிரி அமைதியாக இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகுதான் அந்த ஒன்பது.

பிரின்சிபால் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒன்பது பேர் படிக்கிறதுக்கு எதுக்குங்க முப்பத்தாறு நாற்காலி? மிச்சப் பேர் என்ன, தூங்கினாங்களா?"

"தூங்கல மேடம். பட்டன் அமுக்கினாங்க."

"அது தூக்கத்தவிட மோசம்." பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நிர்வாகத்துல என்ன சொல்றாங்க தெரியுமா? இந்தக் குழு, கும்பல் எல்லாம் வேணாம். நல்லா பேசுற வாத்தியார் ஒருத்தர வீடியோ எடுத்து, ஆளுக்கொரு ஹெட்போன் குடுத்து உக்கார வச்சிடலாம்னு. கடைசித் தேர்வு வரைக்கும் நான் டைம் வாங்கியிருக்கேன். மூணுல ரெண்டு பங்கு. இருபத்தி நாலு பேராவது வாய தொறந்து சொல்லணும். இல்லன்னா இந்த வகுப்பு இல்ல. நீங்களும் இல்ல. நானும் உங்கள வச்சிக்க முடியாது."

"சரிங்க மேடம்."

"சரின்னு பட்டன் அமுக்காதீங்க. எப்படின்னு சொல்லுங்க."

அக்கா போய்த் திட்டத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தார். மாமியார் போட்ட திட்டத்தில் ஒரு ஓட்டை இல்லை. எத்தனை முறை ஓட்டினாலும் அதே திட்டம்தான். எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்று அது சத்தியம் பண்ணியது.

தெரியாது என்று சொல்ல வீட்டிலேயே ஒரு ஆள் இருந்தான். கொழுந்தன். நூற்பாலையில் இயந்திரம் பார்த்துக்கொண்டிருந்தவன். ஆலையில் அவன் பிரிவை மூடிவிட்டார்கள். அண்ணன் வீட்டு முன்னறையில் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு, வேலை கேட்டு அலைந்துகொண்டிருந்தவனை, "என் கிளாஸுக்கு வாப்பா, கைத்தொழில் ஒண்ணு இருக்கட்டும்" என்று இழுத்து வந்தவர் அக்காதான். அவனும் வாய் திறக்காத கூட்டத்தில் ஒருத்தன். தேர்வு முடிந்த மறுநாள் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து நின்றான்.

"அண்ணி, நான் இனிமே வரல."

"ஏம்ப்பா?"

"உங்க கிளாஸ்ல எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் நல்லா வந்துச்சு. அந்தப் புரிந்தது பட்டன். அத அமுக்குறதுல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது."

"புரியலன்னா புரியலன்னு சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"எங்க அண்ணி சொல்றது? எங்க குழுவுல மைக் இருக்கான்." மைக் என்பது செல்போன் கடையில் விற்பனை பார்க்கும் பையனுக்கு வகுப்பு வைத்த பெயர். வாய்தான் அவனுக்கு மூலதனம். கெட்டிக்காரன், பாடத்தை வாங்கிய கையோடு விற்றுவிடுவான். "அவன் அழகா சொல்றான். சொல்லி முடிச்சதும் நம்ம மூஞ்சியப் பாக்குறான். ஒருத்தன் அவ்வளவு ஆசையாப் பாக்கும்போது புரியலன்னு எப்படிச் சொல்ல மனசு வரும்? தலை தானா ஆடுது."

அக்காவால் திட்ட முடியவில்லை. அவரும் பள்ளிக்கூடத்தைத் தலையாட்டியே முடித்தவர்.

"கடைசித் தேர்வு வரைக்கும் வா. அப்புறம் உன் இஷ்டம்."

"அது வரைக்கும் என்ன மாறப் போகுது?"



பதில் தொலைபேசியில் வந்தது, விடுமுறை நாளில், அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது. கூப்பிட்டது நாத்தனார். கொழுந்தனுக்குத் தங்கை. பொறுமை என்பதைக் கடையில் விற்றாலும் வாங்காத பெண். கொழுந்தன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சாப்பாட்டு மேசையில் சாய்ந்தான்.

"சின்னண்ணா, ஃபிரிட்ஜ் ஓடுது, உள்ள வச்ச பால் திரிஞ்சு போச்சு. நீதான் பெரிய மெக்கானிக் ஆகப் போறியாமே, என்னன்னு சொல்லு."

"கேஸ் போயிருக்கும்."

"போன மாசம்தான் ஒரு ஆளு வந்து கேஸ் அடிச்சிட்டுப் போனான்."

"அப்ப மறுபடி அடிக்கணும்."

"மறுபடியுமா? இது என்ன அடுப்புல எரியிற கேஸா, தீர்ந்து தீர்ந்து போக?"

"அது அப்படி இல்ல. அதாவது... கேஸ் குழாய்க்குள்ள சுத்தும். கம்ப்ரசர் அழுத்தி விடும். பின்பக்கம் கருப்புக் கம்பி இருக்குல்ல, அது வழியாப் போயி சூட்ட வெளிய விட்டுடும். அப்புறம் உள்ள வந்து, உள்ள இருக்கிற சூட்ட உறிஞ்சிக்கும். திரும்ப கம்ப்ரசருக்கே போயிடும்."

"திரும்ப அங்கயே போயிடுதுல்ல?"

"ஆமா."

"அப்ப எங்க தீருது?"

கொழுந்தன் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். அக்காவின் கத்தி பலகைமேல் நின்றது. கேஸ் சுற்றுகிற இந்தக் கதையை மைக் வகுப்பில் மூன்று முறை அழகாக விளக்கியிருந்தான். மூன்று முறையும் இவன் பட்டனை அமுக்கியிருந்தான்.

"லைன்ல இருக்கியா, இல்ல உன் கேஸும் போயிடுச்சா?"

"இரு... இருடி." மேசைமேல் விரலால் ஒரு வட்டம் போட்டான். அதன் மேலேயே இன்னொரு முறை போட்டான். "தீராது. தீரவே தீராது. அது மூடின குழாய். சுத்திச் சுத்தி அதே கேஸ்தான். அப்ப குறைஞ்சிருக்குன்னா, எங்கயோ ஓட்டை இருக்கு. ஓட்டைய அடைக்காம கேஸ் அடிச்சா ஓட்டை வாளியில தண்ணி புடிச்ச கதைதான். அடிச்சவன் உன் தலையில மொளகா அரைச்சிட்டுப் போயிருக்கான்! கொஞ்சம் நகத்திப் பாரு. குழாய் சேர்ற இடத்துல எங்கயாவது எண்ணெய்ப் பிசுக்கு இருக்கா?"

மறுமுனையில் ஃபிரிட்ஜை இழுக்கும் சத்தம் கேட்டது. கணவரை அதட்டும் சத்தமும் கேட்டது. "ஆமா, பின்னாடி கீழ ஒரு எடத்துல பிசுபிசுன்னு இருக்கு."

"அதான்! அங்கதான்! நான் வர்றேன், எவனையும் கூப்பிடாத."

"இதச் சொல்ல இவ்வளவு நேரமா?" என்று போனை வைத்தாள் தங்கை.

அவன் இன்னும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது உனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டார் அக்கா.

"இப்பதான் அண்ணி. அவளுக்குச் சொல்லப் போயி எனக்குத் தெரிஞ்சுது."

அக்கா கையில் கத்தியோடு கணவரிடம் போனார். அவர் வாசல் படியில் உட்கார்ந்து செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். கத்தியைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஏங்க, வண்டி ஓட்டுறதுனால ஓட்டுறவருக்கு என்ன கிடைக்குது?"

"முதுகுவலி."

"அது தெரியும். வேற?"

"இது என்ன கேள்வி, வெங்காயம் நறுக்குறப்ப? வேற என்ன... ரூட்டு கிடைக்குது. பத்து வருஷமா என் வண்டியில பின் சீட்டுல வர்ற ஆளு இருக்காரு. அவர்ட்ட ஸ்டீயரிங்க குடுத்துப் பாரு. பள்ளம் வந்து தூக்கிப் போட்டப்புறம்தான் பள்ளம்னு தெரியும் அவருக்கு. எனக்கு வர்றதுக்கு முன்னாடியே தெரியும். ஏன், உன் மாமியாருக்கு இது தெரியாதா?"

தெரியாது. ஏனென்றால் மருமகள் அதைச் சொல்லவே இல்லை.

டிப்போவில் அது தவறும் இல்லை. ஓட்டுநர் தடத்தைக் கற்றுக்கொள்வதைப் பற்றிப் பணிப்பட்டியலுக்கு என்ன கவலை? பயணி போய்ச் சேர்ந்தால் போதும். அந்தப் பழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வகுப்பில் வைத்தார் அக்கா. சொல்கிறவருக்குக் களைப்பு, கேட்கிறவருக்கு அறிவு. இப்படி எழுதிக் கொடுத்தால் எந்த மாமியாரும் என்ன செய்யும்? குழுவில் ஏற்கெனவே தெரிந்தவன் எவன் என்று பார்க்கும். அவன் வாயை வாடகைக்கு எடுக்கும். மற்ற மூன்று பேரையும் பின் சீட்டில் உட்கார வைக்கும். இருப்பதிலேயே குறுக்கு வழி அதுதான். அது கேட்டதைக் கொடுத்தது. கேட்டவர் தப்பாகக் கேட்டார். எத்தனையோ கூட்டங்கள் இப்படித்தான் நடக்கின்றன. மேடையில் ஒருத்தர் ஓட்டுகிறார், கீழே இருப்பவர்கள் கைதட்டி இறங்கிப் போகிறார்கள். மறுநாள் கேட்டுப் பாருங்கள், என்ன பேசினார் என்று.

மறுநாளே அக்கா பட்டனைப் பிடுங்கி எறிந்தார். 'தெரியும்' என்ற ஒன்றை இரண்டாக உடைத்தார். ஒருத்தர் சொல்ல இன்னொருத்தர் கேட்டால், கேட்டவருக்கு அது 'காதில் விழுந்தது', அவ்வளவுதான். காதில் விழுந்ததை வேறொருத்தருக்குச் சொல்லிக் காட்டினால்தான், சொன்னவருக்கு அது 'தெரிந்தது'. ஆதாயம் இனிமேல் ஓட்டுகிறவருக்கு.

மாமியார் புதுத் திட்டம் போட்டது. அக்கா படித்துப் பார்த்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தார். முப்பத்தைந்து பேரும் வரிசையில் நின்று மைக்குக்கு மட்டும் விளக்க வேண்டுமாம். கேட்க ஒரு காது போதும், எதற்கு நிறைய என்று அது நினைத்திருக்கிறது. சோம்பேறிக்குக் குறுக்கு வழி சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரே ஆளே எல்லாவற்றையும் கேட்கக் கூடாது என்று ஒரு விதி சேர்த்தார். கேட்கிறவர் ஒரு கேள்வியாவது கேட்டால்தான் சொன்னது கணக்கில் சேரும் என்று இன்னொன்று. கொழுந்தனை உலுக்கியது அவன் விளக்கம் இல்லை, தங்கையின் "அப்ப எங்க தீருது"தான். ஆகவே அந்தத் தங்கையையும் திட்டத்துக்குள் கொண்டுவந்தார், பெயர் போடாமல். கடைசியாக, ஒரு பழுதைப் பற்றிய விவரங்களை நாலாக உடைத்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுக்கலாம் என்ற செயலையும் சேர்த்தார்.

இந்த முறை மாமியாருக்குக் கண் மூடித் திறக்கும் நேரம் போதவில்லை. அக்கா டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் யோசித்துக்கொண்டிருந்தது. பிறகு கொடுத்த திட்டம் பஸ் நிலையம் மாதிரி இருந்தது. பாதி மாலையில் எல்லாக் குழுவும் கலைந்து வேறு குழுவாகச் சேர வேண்டும்; கேட்டதைக் கொண்டுபோய் அங்கே சொல்ல வேண்டும்.

முதல் நாள் கூடத்தில் ரகளை. நாலு பேர் திரையிலும் ஒரே பழுது, ஆனால் நாலு துண்டு. ஒருத்தருக்குக் கடைக்காரர் புலம்புகிற குரல் பதிவு. ஒருத்தருக்கு அழுத்தமானி காட்டும் அளவு. ஒருத்தருக்குக் குழாய்களின் படம். ஒருத்தருக்கு மோட்டார் இழுக்கிற மின்சாரம். ஒருத்தர் திரை இன்னொருத்தருக்குத் தெரியாது. வாய் திறக்காமல் ஒரு அங்குலம் நகர முடியாது.

மைக்கின் குழுவில் மட்டும் நாலு துண்டும் மற்ற மூன்று பேரிடம்; அவன் திரையில் எந்தத் துண்டும் இல்லை. 'கேள்வி மட்டும்' என்றிருந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தான்.

"என்னக்கா இது? என் வாய்க்குப் பூட்டா? நான் என்ன தப்பு பண்ணேன்?"

"பூட்டு இல்லடா. நீ கேக்கலாம்."

"எனக்குத்தான் பதிலே தெரியுமே! அவங்க தடவிக்கிட்டு இருக்காங்க, பாக்கவே வயித்தெரிச்சலா இருக்கு. நான் சொன்னா ஒரு நிமிஷம்."

"நீ சொன்னா ஒரு நிமிஷம். அப்புறம் அவங்களுக்கு ஆயுசு பூரா தெரியாது. உன் கடையில வாங்க வர்றவங்கள பேச விடுறியா, இல்ல நீயே பேசி நீயே வாங்கிக்கிறியா?"

மைக் முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்தான். சும்மா இருக்கப் பிறந்தவன் இல்லை. கேள்வியிலேயே பதிலைத் திணித்துப் பார்த்தான். "ஓட்டை குழாய் சேர்ற இடத்துலதான் இருக்குன்னு உங்களுக்குத் தோணலையா?" என்று கேட்டான். எதிரே இருந்த கொழுந்தன் விடவில்லை.

"தோணுது. ஆனா ஏன் மோட்டார் கரண்ட கம்மியா இழுக்குது? நீ சொல்லு பாப்போம்."

மைக் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. அவன் அழகாக விளக்குகிற பாடத்தில் அந்தப் பக்கமே இருந்ததில்லை. யாரும் கேட்டதில்லை, அதனால் அவனும் போனதில்லை.

"கேஸ் கம்மின்னா அழுத்த வேண்டியது கம்மி," என்றான் கொழுந்தன், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் பார்த்து. "அழுத்த வேண்டியது கம்மின்னா மோட்டாருக்கு வேலை கம்மி. அப்ப கரண்டும் கம்மி. சரியா?"

"அட," என்றான் மைக். பிறகு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டான். "இன்னொரு வாட்டி சொல்லுண்ணா."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே பிரின்சிபால் நின்றிருந்தார். உள்ளே வந்தவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"என்னங்க இது, சந்தைக்கடையா இருக்கு?"

"சந்தையிலதான் மேடம் எல்லாரும் வாய தொறப்பாங்க."

பிரின்சிபால் சிரிக்கவில்லை. ஆனால் கதவைச் சாத்தாமல் போனார்.

எல்லாம் தேனாக ஓடியது என்று எழுதினால் அது பொய். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு சில மாலைகள் வரவில்லை. ஒரு குளிர்பானக் கிடங்கு ஊழியர், "வாத்தியார் சொல்லித் தர வேண்டியத நாங்களே சொல்லிக்கிறதுக்கு எதுக்கு வாத்தியார்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். யாராவது தப்பாகச் சொல்லி நாலு பேரும் தப்பையே கற்றுக்கொண்ட மாலைகளும் உண்டு. அதற்காகக் கடைசியில் பயிற்சி ஆசிரியர் ஒவ்வொரு குழுவிடமும் வந்து பழுதின் காரணத்தைக் கேட்டுத் திருத்தும் செயல் ஒன்றையும் அக்கா சேர்க்க வேண்டியிருந்தது. கிடங்கு ஊழியருக்கு வாத்தியார் கிடைத்தார்.

ஆனால் ஆள் வராத நாளில்தான் அக்காவின் பழைய கை பேசியது. துண்டு வைத்திருக்கிறவர் வரவில்லையென்றால் குழுவே நின்றுவிடுமே என்று பயிற்சி ஆசிரியர் பயந்தார். அக்கா பயப்படவில்லை. ஓட்டுநர் லீவு போட்டால் பஸ் நின்றா போகிறது? வந்தவர்கள் யார், யாருக்கு எது காதில் விழுந்தது, யாருக்கு எது தெரிந்தது என்று வகுப்பு தொடங்குமுன் தட்டிவிடுவார். மாமியார் அன்றைய திட்டத்தைப் புதிதாகப் போடும். நேற்று வராதவருக்குப் பக்கத்தில், நேற்றுக் கேட்டு இன்னும் சொல்லிக் காட்டாதவரை உட்கார வைக்கும். வராதவர் குழுவுக்குப் பாரம் இல்லை. சொல்லிக் காட்டக் கிடைத்த புது ஆள். ஓவர்டைம் முடிந்து ஓடி வருகிறவரைப் பார்த்து, "வாங்க வாங்க, உங்களுக்குத்தான் காத்திருக்கேன், ஒண்ணுமே தெரியாம வந்திருக்கீங்கல்ல?" என்று கூப்பிடுவார்கள். வேறு எந்த வகுப்பில் இப்படி ஒரு வரவேற்பு கிடைக்கும்?

கடைசித் தேர்வு வந்தது. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர். சிரிப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்த மனிதர். அறைக்குள் மூன்று ஃபிரிட்ஜ், மூன்றும் வெவ்வேறு பழுது. எது யாருக்கு என்று அவர்தான் முடிவு செய்வார். அக்காவை உள்ளே விடவில்லை. நடைவழியில் பெஞ்சில் உட்கார்ந்தார். மடியில் கைப்பை, கைப்பை மேல் கை.

உள்ளே போனவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் நேராகத் தண்ணீர்க் குழாய்க்குப் போனார்கள். கிடங்கு ஊழியர் வந்து, "நாசமாப் போச்சு, பாதியில மறந்துட்டேன்" என்றார். அக்கா பெஞ்சில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார். மைக் வந்தான். "நான் சொல்லிட்டேன்க்கா. அந்த ஆளு கேள்வி கேக்குறாரு பாருங்க, நம்ம அண்ணன் கேக்குற மாதிரி இல்ல. ஈஸி."

கொழுந்தன் உள்ளே போனபோது கதவு முழுக்கச் சாத்தியிருக்கவில்லை.

"மேல ஐஸ் கட்டியா நிக்குது," என்றது தேர்வாளரின் குரல். "கீழ தட்டு சூடா இருக்கு. ஏன்?"

நீண்ட அமைதி. அக்கா எழுந்து நின்றார். எழுந்தது அவருக்கே தெரியாது. அந்த அமைதி வகுப்பின் பழைய அமைதி மாதிரி இருந்தது.

"இருங்க சார்," என்றான் கொழுந்தன். "யோசிக்கிறேன்." கொஞ்சம் கழித்து, "கூலிங் இருக்கு சார். இல்லன்னா ஐஸே கட்டாது. அப்ப கேஸ் போகல, கம்ப்ரசர் போகல. காத்துதான் கீழ வரல. ஐஸ் காத்து வர்ற வழிய அடைச்சிருக்கு. ஐஸ உருக்குற ஹீட்டர்தான் வேலை செய்யல போலிருக்கு. மீட்டர் குடுங்க, பாத்துச் சொல்றேன்."

"எப்படித் தெரியும்னு நான் இன்னும் கேக்கவே இல்லையே."

"நீங்க கேப்பீங்கன்னு நானே கேட்டுக்கிட்டேன் சார்."

தேர்வாளர் சிரித்தாரா என்று தெரியவில்லை. மீட்டர் மேசையில் இழுபடும் சத்தம் கேட்டது.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு ஆள் தேறினால் வகுப்பு தேறிவிடாது. அது அவருக்குத் தெரியும். ஒன்பது பேர் தேறிய வகுப்பை நடத்தியவர் அவர்.

கடைசி ஆளும் வெளியே வந்தார். கதவு மூடிக்கொண்டது. நடைவழி முழுக்க ஆட்கள். ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. கொழுந்தன் பெஞ்சின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான். "எத்தனை வேணும் அண்ணி?" என்று கேட்டான். "இருபத்தி நாலு," என்றார் அக்கா. அவன் தலையாட்டவில்லை. "ஏன் இருபத்தி நாலு?" என்று கேட்டான்.

கதவு திறந்தது. பிரின்சிபால் வெளியே வந்தார், கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு. கூட்டம் வாயடைத்து நின்றது. அந்த வகுப்பு வாயடைத்து நின்று வெகுநாளாகியிருந்தது. பிரின்சிபால் அக்காவை மட்டும் பார்த்துச் சொன்னார்.

இருபத்தொன்பது.